தாடை மூட்டுத் தொல்லை: எதில் தொடங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

காது வலிக்கிறது என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போவார்கள். காதில் ஒன்றுமில்லை என்பார். கடைவாய்ப் பல்லாக இருக்குமோ என்று பல் மருத்துவரிடம் போவார்கள். சொத்தை இல்லை என்பார். தலைவலி மாத்திரை இரண்டு நாள் கேட்கும், மூன்றாம் நாள் கேட்காது. இப்படி அலைகிறவர்களில் பலருக்கு வலியின் ஊற்று காதுக்கு ஒரு விரற்கடை முன்னால், தாடை மூட்டில் இருக்கிறது. அல்லது அதை அசைக்கும் தசைகளில்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதிதான். நிறுத்தினால் பழைய நிலைக்கே திரும்பிவிடக்கூடிய சிகிச்சையை முதலில் செய்யுங்கள். திரும்ப முடியாததை, அதாவது பல்லை ராவுவது, கடியை (மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதத்தை) மாற்றுவது, மூட்டைத் திறப்பது போன்றவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். தாடை மூட்டுத் தொல்லைகளில் பெரும்பாலானவை சில வாரங்களிலோ மாதங்களிலோ எளிய கவனிப்பிலேயே தணிபவை. அந்த அவகாசத்தைத் தராமல் அவசரப்பட்டவர்கள்தான் அதிகம் இழந்திருக்கிறார்கள்.

மூட்டு வேலை செய்யும் விதம்

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலடியில் ஒரு குமிழ் முதலில் சுழல்வதும், வாய் அகலத் திறக்கும்போது முன்னோக்கி வழுக்குவதும் தெரியும். அது கீழ்த்தாடை எலும்பின் மேல்முனை. அது அமர்ந்திருக்கும் குழி மண்டையோட்டின் பொட்டெலும்பில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் நார்த்திசுவாலான மெல்லிய தட்டு ஒன்று, குமிழின் தலையில் தொப்பி போல உட்கார்ந்து அதனோடு சேர்ந்தே நகர்கிறது. மருத்துவர்கள் ‘டிஸ்க்’ என்பது இதைத்தான்.

சுழல்வதும் வழுக்குவதும் ஒரே மூட்டில் நடக்கின்றன. அதோடு, கீழ்த்தாடை ஒற்றை எலும்பு என்பதால் வலது மூட்டு அசையாமல் இடது மூட்டு மட்டும் அசைய முடியாது. ஒரு பக்கம் பழுதானால் மறுபக்கமும் அதற்கேற்ப வளைந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கும் தசை, நெற்றிப்பொட்டில் விசிறியாக விரியும் தசை, தாடைக்கு உட்புறம் இருக்கும் இரண்டு தசைகள் ஆகியவைதான் இந்த மூட்டை இயக்குகின்றன. ‘மூட்டு வலி’ என்று வருகிறவர்களில் கணிசமானோருக்கு வலிப்பது இந்தத் தசைகள்தான்.

மூன்று வகை

முதல் வகை தசை வலி. காலையில் எழுந்ததும் கன்னம் கனத்து, பொட்டு வலித்து, மென்றால் அதிகமாகும். இரவில் பல் கடிக்கிறவர்களுக்கும், பகலில் தெரியாமலே பல்லை இறுக்கி வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவர்களுக்கும் இது வரும்.

இரண்டாவது வகை தட்டு நழுவுவது. தட்டு முன்னால் நழுவியிருந்து, வாய் திறக்கும்போது மறுபடி குமிழின் மேல் ஏறினால் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். அது திரும்ப ஏறாமல் முன்னாலேயே நின்றுவிட்டால் சத்தம் திடீரென நின்றுபோகும். வாயும் பாதிக்கு மேல் திறக்காது. “நேத்து வரைக்கும் டக் டக்குன்னு கேட்டுச்சு, இன்னிக்குச் சத்தம் இல்லை, வாயும் திறக்கலை” என்று ஒருவர் சொன்னால் அநேகமாக இதுதான்.

மூன்றாவது வகை மூட்டின் அழற்சியும் தேய்மானமும். இங்கே சத்தம் மணல் அரைபடுவது போல நறநறவென்று வரும். வயதானவர்களிடம் அதிகம். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இளம் வயதிலும் வரலாம்.

இந்த மூன்றும் கலந்தும் வரும். ஆண்களைவிடப் பெண்களிடமும், இருபது முதல் நாற்பது வயதுக்குள்ளும் அதிகமாகக் காணப்படுகிறது.

காரணம் ஒன்றே ஒன்று என்று சொல்வதற்கில்லை. தாடையில் பட்ட அடி, நெடுநேரம் வாயைத் திறந்து வைத்துச் செய்த பல் சிகிச்சை, தூக்கக் குறைவு, மன அழுத்தம், உடலில் வேறிடங்களிலும் நீடிக்கும் வலி எனப் பல சேர்ந்துதான் இது உருவாகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் காஸ்டன், கடைவாய்ப் பற்களை இழந்தவர்களின் தாடை அதிகமாக மூடிக்கொள்வதால்தான் காது வலியும் தலைவலியும் வருகின்றன என்று 1934-இல் எழுதினார். அவர் சொன்ன உடற்கூற்று விளக்கம் பின்னால் நிற்கவில்லை. ஆனால் ‘கடி சரியில்லை, அதனால்தான் வலி’ என்ற எண்ணம் மட்டும் பல பத்தாண்டுகள் நின்றது. அதன் பேரில் ஏராளமான நல்ல பற்கள் ராவப்பட்டன. கடியைச் சரிசெய்தால் மூட்டு வலி தீரும் என்பதற்கு இன்றும் நம்பத்தக்க சான்று இல்லை.

வீட்டில் செய்துபார்க்கும் சோதனை

கண்ணாடி முன் நின்று இவற்றைப் பாருங்கள்.

1. உங்கள் கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே நுழையுங்கள். மூன்றும் நுழைந்தால் வாய் போதுமான அளவு திறக்கிறது. அளவுகோலில் பார்த்தால் பெரியவர்களுக்கு 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். 35-க்குக் கீழே என்றால் குறைவு.

2. மெல்ல வாயைத் திறக்கும்போது முகவாய் நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். பூட்டிக்கொண்ட மூட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இழுக்கும்.

3. கன்னத் தசையையும் பொட்டையும் விரலால் அழுத்துங்கள். நீங்கள் வழக்கமாக உணரும் அதே வலி கிளம்பினால் தசைக்கு அதில் பங்குண்டு.

4. சத்தம் மட்டும் இருக்கிறது, வலி இல்லை, வாயும் நன்றாகத் திறக்கிறது என்றால் சிகிச்சை தேவையில்லை. எந்தத் தொல்லையும் இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தாலே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தட்டு நழுவியிருப்பது தெரியும். சத்தத்தை நிறுத்துவதற்காக யாரும் எந்தச் சிகிச்சையும் எடுக்க வேண்டாம். அடிக்கடி ‘டக்’ செய்து பார்த்துக்கொள்வதையும் விட்டுவிடுங்கள்.

மூட்டுத் தொல்லை என்று இருந்துவிடக் கூடாதவை

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள்.

• பாக்கு, பான் மசாலா, குட்கா பழக்கம் உள்ளவருக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவது, காரம் பட்டால் எரிவது, கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைப்பது. இது மூட்டு நோயே அல்ல. வாய்த்தோலின் அடியில் நார் படியும் நோய். பின்னாளில் புற்றுநோயாக மாறும் அபாயம் உள்ளது. நம் ஊரில் ‘வாய் திறக்கவில்லை’ என்று வரும் இளைஞர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி பாக்கைப் பற்றியது.

• காய்ச்சல், கன்ன வீக்கம், கடைவாயின் கடைசியில் வலி. ஞானப்பல்லைச் சுற்றிச் சீழ் வைத்தாலும் வாய் பூட்டிக்கொள்ளும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் அவசரப் பிரிவு.

• சில நாட்களுக்கு முன் காயம் பட்டு, இப்போது தாடை இறுகி, கழுத்தும் விறைத்தால் அது ரண ஜன்னியாக இருக்கலாம்.

• நடந்தால், மாடி ஏறினால் தாடையில் வலி, ஓய்ந்து நின்றால் குறைவது. கூடவே வியர்வை, நெஞ்சுப் பாரம். இது இதயத்தின் வலி.

• ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகப் பொட்டு வலி, மெல்லும்போது தாடை சோர்வது, பார்வை மங்கல். பொட்டு நாள அழற்சி அரிதானது. ஆனால் கவனிக்காமல் விட்டால் பார்வை போய்விடும்.

• அடிபட்ட பிறகு பற்கள் முன்போலச் சேரவில்லை என்றால் எலும்பு முறிந்திருக்கலாம்.

• முகத்தில் மரமரப்பு, நாளுக்கு நாள் பெரிதாகும் கட்டி.

காது வலி என்று நினைத்துக் காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவதும் வேண்டாம். மூட்டு வலிக்கு அதனால் பயனில்லை, காது கெடலாம்.

முதல் ஆறு வாரம்

மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இல்லாத எவரும் இதை இன்றே தொடங்கலாம்.

*சாப்பாடு.* இரண்டு மூன்று வாரம் மென்மையாகச் சாப்பிடுங்கள்: இட்லி, இடியாப்பம், ஆப்பம், குழைந்த சாதத்தில் ரசம், தயிர் சாதம், கஞ்சி, நன்கு வெந்த காய், முட்டை, மீன். முறுக்கு, சீடை, தட்டை, வறுத்த கடலை, கடலை மிட்டாய், கரும்பு, நல்லி எலும்பு, இழுத்து மெல்ல வேண்டிய பரோட்டா ஆகியவற்றுக்கு விடுமுறை. கொய்யா, ஆப்பிளைக் கடிக்காமல் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். இரண்டு பக்கமும் மெல்லுங்கள். வலி குறைந்ததும் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். மாதக்கணக்கில் கஞ்சியிலேயே இருந்தால் தசை பலவீனமாகும்.

*பழக்கம்.* சூயிங்கம், நகம் கடித்தல், பேனா கடித்தல், பூ கட்டும்போதும் தைக்கும்போதும் நூலைப் பல்லால் அறுத்தல், பாட்டில் மூடியைப் பல்லால் திறத்தல், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிப் பேசுதல், முகவாய்க்குக் கைகொடுத்து உட்காருதல், குப்புறப் படுத்தல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கைமுட்டியைக் கொடுத்து, வாய் முழுக்கத் திறக்காமல் தடுத்துக்கொள்ளுங்கள்.

*பற்கள் தொடாமல் இருப்பது.* மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டிய அவசியமே இல்லை. ‘ன்’ என்று சொல்லி அப்படியே நிறுத்துங்கள். நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் நிற்கும். உதடு மூடியிருக்கட்டும், பற்கள் சற்று விலகியிருக்கட்டும். இதுவே தாடையின் ஓய்வு நிலை. கைபேசியின் பின்புறமும் சமையலறை அலமாரியிலும் ஒரு சிறு பொட்டை ஒட்டி வையுங்கள். அது கண்ணில் படும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோமா என்று பாருங்கள். பகலில் கடிக்கும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து குறைவு.

*ஒத்தடம்.* நாள்பட்ட தசை வலிக்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். அடிபட்டோ திடீரென்றோ தொடங்கிய வலிக்கு முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய பனிக்கட்டி.

*பயிற்சி.* ஒத்தடத்துக்குப் பிறகு செய்யுங்கள்.

முதல் பயிற்சி: நாக்கு நுனி மேலண்ணத்திலேயே இருக்க, வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். நாக்கு விலகும் இடத்துக்கு மேல் திறக்க வேண்டாம். கண்ணாடியில் முகவாய் நேராக இறங்குவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு ஆறு முறை, நாளுக்கு ஐந்தாறு வேளை.

இரண்டாவது: முகவாய்க்கு அடியில் கட்டைவிரலை வைத்து மிக லேசாக எதிர்த்தபடி வாயைத் திறங்கள். ஐந்து நொடி அப்படியே நிறுத்தி, பிறகு தளர்த்துங்கள். பக்கவாட்டிலும் இதேபோல.

மூன்றாவது, வாய் குறைவாகத் திறப்பவர்களுக்கு மட்டும்: கட்டைவிரல் மேல் முன்பல்லிலும் ஆள்காட்டி விரல் கீழ் முன்பல்லிலும் வைத்து, இழுபடும் உணர்வு வரும்வரை மெல்ல விலக்கிப் பத்து நொடி நிறுத்துங்கள். குத்தும் வலி வரக் கூடாது. பயிற்சி முடிந்து வெகுநேரம் வலி நீடித்தால் அளவு அதிகம் என்று பொருள்.

2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை வலியைப் பற்றியது. அது வலுவாகப் பரிந்துரைத்தவற்றில் இதுபோன்ற வீட்டுப் பயிற்சியும், பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சியும், வலியைக் கையாளக் கற்றுத்தரும் மனநல ஆலோசனையும் அடங்கும். ‘மனநல ஆலோசனை’ என்றதும் வலி கற்பனை என்று சொல்லிவிட்டதாக நினைக்க வேண்டாம். தசையை இறுக்குவது மனம். இறுகிய தசை உண்மையிலேயே வலிக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது

ஆறு வாரத்தில் முன்னேற்றம் இல்லை, அல்லது வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை என்றால் போக வேண்டும். வாய் திடீரெனப் பூட்டிக்கொண்டால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். சில நாட்களுக்குள் காட்டுவது நல்லது. பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வாய் மருத்துவப் பிரிவும், வாய் முகத் தாடை அறுவை சிகிச்சைப் பிரிவும் இதைப் பார்க்கின்றன. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இந்தப் பிரிவுகள் உண்டு.

நல்ல மருத்துவர் முதலில் கேள்வி கேட்பார், தொட்டுப் பார்ப்பார், வாயை அளப்பார். பல்லும் தாடை எலும்பும் சேர்ந்து தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்று பெரும்பாலும் போதும். எலும்பின் தேய்மானத்தைப் பார்க்க சிடி அல்லது சிபிசிடி. தட்டைப் பார்க்க எம்ஆர்ஐ. ‘இந்தப் படத்தின் முடிவு உங்கள் சிகிச்சையை எப்படி மாற்றும்?’ என்று கேளுங்கள். மாற்றாது என்றால் படம் வேண்டாம்.

*மாத்திரை.* இபுபுரூபன், நாப்ராக்சன் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவர் சொன்ன அளவில் சில நாள் எடுக்கலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக எடுக்கக் கூடாது. நாள்பட்ட வலிக்கு இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் சிலருக்குத் தரப்படுகிறது. மருந்துக்கடையில் கேட்டு மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குவது தலைவலியையே நிரந்தரமாக்கிவிடும்.

*இரவுத் தட்டு.* பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தரும் அக்ரிலிக் உறையை ‘ஸ்பிளின்ட்’, ‘நைட் கார்டு’ என்பார்கள். பல் தேயாமல் அது காக்கும். சிலருக்குக் காலை வலி குறையும். எல்லோருக்கும் பலன் தரும் என்பதற்குச் சான்று வலுவாக இல்லை; மேலே சொன்ன வழிகாட்டுதலும் இதை முதல் வரிசையில் வைக்கவில்லை. போடுவதென்றால் ஒரு வரிசைப் பற்கள் முழுவதையும் மூடும் சமதள வகையை, இரவில் மட்டும் போடுங்கள். சில பற்களை மட்டும் மூடுவதும், தாடையை முன்னே தள்ளி வைப்பதுமான வகைகளை நாள் முழுக்கப் போட்டால் கடியே மாறிவிடும். வலி அதிகமானால் கழற்றிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

*ஊசியும் அலசலும்.* பூட்டிக்கொண்ட மூட்டு மற்றவற்றுக்கு வழிவிடாதபோது, மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு ஊசிகளை மூட்டுக்குள் செலுத்தி, ஒன்றின் வழியே உப்புநீர்க் கரைசலை விட்டு மற்றொன்றின் வழியே வெளியேற்றுவார்கள். டோரிட் நிட்சானும் உடன் பணியாற்றியவர்களும் 1991-இல் விவரித்த முறை இது. தையல் கிடையாது, அன்றே வீட்டுக்குப் போகலாம். மெல்லிய குழாய் வழியே மூட்டுக்குள் பார்த்துச் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி இதற்கு அடுத்த படி. போடாக்ஸ் ஊசி கேட்காமலே பல இடங்களில் பரிந்துரைக்கப்படுகிறது. வழக்கமாகப் போடும் அளவுக்கு அதற்குச் சான்று இல்லை.

*அறுவை சிகிச்சை.* கட்டி, எலும்பு ஒட்டிப்போதல், முற்றிலும் தேய்ந்த மூட்டு போன்றவற்றுக்கு இது தேவை. வெறும் வலிக்கும் சத்தத்துக்கும் இது பதிலல்ல. 1980-களில் அமெரிக்காவில், நழுவிய தட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டை ஆயிரக்கணக்கானோருக்கு வைத்தார்கள். மெல்லும் அழுத்தத்தில் அது துகள்துகளாக உடைந்தது. உடல் அந்தத் துகள்களை எதிர்த்ததில் சுற்றியிருந்த எலும்பு அரிக்கப்பட்டது. 1990-91-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்து அவற்றைத் திரும்பப் பெறச் செய்தது. அதற்குள் பலருக்கு மறுபடி மறுபடி அறுவை நடந்து, முன்பிருந்ததைவிடக் கடுமையான வலி நிலைத்துவிட்டது. அவர்களில் பலர் முதலில் போனது ‘டக்’ சத்தத்துக்கும் மிதமான வலிக்கும்தான். இன்றைய உலோக, பாலிஎத்திலீன் செயற்கை மூட்டுகள் வேறு தரத்தவை. ஆனாலும் அவை கடைசிக் கட்டத்துக்கு உரியவை.

தாடை இறங்கிவிட்டால்

பெரிய கொட்டாவியிலோ பல் பிடுங்கும்போதோ குமிழ் குழியைத் தாண்டி முன்னே போய் மாட்டிக்கொள்ளும். வாய் திறந்தபடியே நிற்கும், பேச்சு வராது, எச்சில் வழியும். தாடையை மேல்நோக்கித் தள்ளி மூட முயலாதீர்கள். குமிழ் முதலில் கீழே இறங்கி, பிறகு பின்னால் போக வேண்டும். மருத்துவர் துணி சுற்றிய கட்டைவிரல்களைக் கீழ்க்கடைவாயில் வைத்து அப்படித்தான் அழுத்துவார். எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுருளிலேயே இம்முறை எழுதப்பட்டிருக்கிறது. நேரம் ஆக ஆகத் தசை இறுகி வேலை கடினமாகும். அதனால் உடனே போங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும் சில மனநல மருந்துகளும் தாடையை இழுக்கச் செய்யலாம் என்பதால் மருந்துச்சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். சரியான பிறகு சில வாரம் வாயை அகலத் திறக்கக் கூடாது.

குழந்தை முகவாயில் விழுந்தால்

முகவாயில் பட்ட அடி காதுக்கு முன்னால் உள்ள குமிழை முறிக்கும். முகவாயில் தையல் போட்டதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளே கசிந்த இரத்தம் எலும்பாகி, மூட்டு மண்டையோட்டோடு ஒட்டிப்போனால் வாய் திறப்பது மாதம் தோறும் குறையும். தாடை வளராது, முகவாய் உள்வாங்கும், இரவில் குறட்டையும் மூச்சுத் திணறலும் வரும். நடுக்காதில் சீழ் வைத்து மூட்டுக்குப் பரவினாலும் இது நேரலாம்.

எனவே முகவாயில் பலமாக அடிபட்ட குழந்தைக்கு மூட்டின் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த சில மாதங்கள் வாரம் ஒருமுறை வாய் திறப்பை அளந்து எழுதி வையுங்கள். குழந்தைகளுக்கு இந்த முறிவில் பெரும்பாலும் அறுவை தேவைப்படாது. மருத்துவர் சொன்ன நாளிலிருந்து வாயை அசைக்க வைப்பதே முக்கியம். ஒட்டிப்போன மூட்டுக்கு அறுவைதான் வழி: ஒட்டிய எலும்பை வெட்டி இடைவெளி உண்டாக்கி, பொட்டுத் தசையின் ஒரு பகுதியை நடுவே வைப்பார்கள், தேவைப்பட்டால் விலா எலும்பின் குருத்தை வைத்துத் தாடையை நீட்டுவார்கள். அதன்பின் பல மாதங்கள் தினமும் வாய் திறக்கும் பயிற்சி செய்ய வேண்டும். குழந்தை அழுகிறதே என்று பெற்றோர் அதை விட்டால் மூட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

ஒப்புக்கொள்வதற்கு முன் கேட்க வேண்டியவை

எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. எனக்கு இருப்பது தசை வலியா, தட்டு நழுவலா, மூட்டுத் தேய்மானமா?
2. இதைச் செய்யாமல் மூன்று மாதம் காத்திருந்தால் என்ன ஆகும்?
3. பலிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?
4. பல்லை ராவுவதோ, கிரவுன் போடுவதோ, கம்பி கட்டுவதோ இதில் அடங்குமா?
5. எவ்வளவு நாளில் பலன் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எப்போது நிறுத்துவோம்?

மூன்றாவது கேள்விக்கு ‘முடியாது’ என்று பதில் வந்து, உங்களுக்கோ இன்னும் ஆறு வாரப் பயிற்சிகூட முடியவில்லை என்றால், கையெழுத்துப் போடாமல் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள்.